மஞ்சள் பூத் துணி கட்டிய போத்தல்கள்

அன்று துறையில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் மீனவர் சங்கத்தின் தலைவர். என்னைவிட வயதில் இளையவர், குரலில் மூத்தவர். முதல் கதிரையில் இருந்தார்.

அலுவலகத்திலிருந்து வந்த மிஸ். சுற்றாடல் பகுதியில் வேலை. இரண்டாவது கதிரை. மடியில் ஒரு படிவம்.

மண்டூர்ப் பக்கத்துப் போடியார். அக்கரையில் வட்டை என்று நாங்கள் சொல்லும் வயல்வெளி முழுவதும் அவருடையது. மூன்றாவது கதிரை.

காத்தான்குடியிலிருந்து சோடாப் பெட்டிகள் கொண்டுவந்து, தோணியில் அக்கரைக்கு ஏற்றும் வியாபாரி. எங்கள் எல்லோருக்கும் காக்கா, அண்ணன் முறை. கதிரை வேண்டாம் என்று தன் ஓட்டோவுக்குள்ளேயே இருந்தார். வெயிலுக்கு அதுதான் நல்லது.

என் மனைவியின் தம்பி. துறைக்குப் பக்கத்தில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறான். அந்த மூன்று கதிரைகளும் அவனுடையவை. அதனால் அவன் நின்றான்.

என் மனைவி. கூட்டத்துக்கு வரவில்லை. பூட்டிய வீட்டின் திறப்பை வாங்க வந்தாள். வாங்கிய பிறகும் போகவில்லை.

மற்றத் தோணிக்காரர்கள் பன்னிரண்டு பேர். இவர்கள் ஒரே ஆள் மாதிரி. ஒருவர் சிரித்தால் பன்னிரண்டு பேரும் சிரிப்பார்கள்.

ஒரு நாய். அது கூட்டத்துக்கு வரவில்லை. கூட்டம்தான் அதன் இடத்துக்கு வந்திருந்தது.

நான்.

எனக்கு எழுத்து அவ்வளவு ஓடாது. ஐந்தாம் வகுப்போடு தோணியில் ஏறியவன். எண் மட்டும் ஓடும். இதை எழுதச் சொன்னவள் மனைவி. ஊரில் ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்களாம். நடந்ததை நடந்தபடி எழுதி வையுங்கள் என்றாள். எழுதுகிறேன்.

துறைக்கு முன்னால் கிடப்பதை நாங்கள் ஆறு என்று சொல்வோம். மிஸ்ஸின் படிவத்தில் வாவி என்று இருந்தது. தண்ணீர் ஒன்றுதான். படிவத்தில் பல கேள்விகள். எத்தனை தோணி, எத்தனை குடும்பம், என்ன மீன். அதெல்லாம் அரை மணித்தியாலத்தில் முடிந்தது. கடைசிக் கேள்வியில் நின்றுபோனோம். இந்தப் பகுதியில் வாவி மாசடைவதற்குப் பிரதான பொறுப்பாளி யார் என்பது கேள்வி. அதற்குக் கீழே ஒரு கோடு. ஒரே ஒரு கோடு.

"எல்லாரும் சேர்ந்துதான் காரணம் எண்டு எழுதட்டா?" என்றார் மிஸ்.

"எல்லாரும் எண்டா ஒருத்தரும் இல்ல மிஸ்," என்றார் தலைவர். "கோடு ஒண்டுதான் கிடக்கு. ஒரு ஆளப் போடுங்க."

"யாரை?"

தலைவர் போடியாரைப் பார்த்தார். போடியார் காக்காவைப் பார்த்தார். காக்கா கடைக்காரனைப் பார்த்தார். கடைக்காரன் தன் கதிரைகளைப் பார்த்தான்.

"டவுண்ல இருந்து வாற தண்ணிதான் எல்லாத்துக்கும் மூலம்," என்றார் போடியார்.

"டவுண் கீழ கிடக்கு போடியார். உங்கட வட்டைதான் மேல கிடக்கு. தண்ணி மேல ஏறுமா?" என்றார் தலைவர்.

பன்னிரண்டு பேரும் சிரித்தார்கள்.

"வயலுக்கு மருந்து அடிக்காம நெல்லு விளையுமா? நீங்க தின்ற சோத்துக்குத்தான் அடிக்கிறன்," என்றார் போடியார். "சோடாப் போத்தல் மட்டும் வானத்தால விழுதா?"

காக்கா ஓட்டோவுக்குள்ளிருந்து தலையை நீட்டினார். "நான் சோடாவ நிரப்பித்தான் விக்கிறன். வெறும் போத்தல் விக்கிற வியாபாரம் எனக்கு இல்ல. குடிச்சவன் யாரு எண்டு கேளுங்க."

"குடிச்சவன் என்ட கடைக்குத்தான் வந்து குடிச்சான்," என்றான் மனைவியின் தம்பி. "குடிச்சித்துக் கையக் கழுவினான், போனான். போத்தல எங்க போட்டான் எண்டு பின்னால போய்ப் பாக்கிறதா என்ட வேலை?"

"உன்ட கடைக்குப் பின்னால போடா, தெரியும்," என்றாள் என் மனைவி. அவன் அவளுக்குத் தம்பி. அவள் பேசலாம்.

இப்படியே போனது. நாய் எழும்பி வேறு நிழலுக்குப் போய்விட்டது.

அன்று நான் பேசியது ஒரு வசனம். தலைவர் என் பக்கம் திரும்பி, "அண்ணே, நீங்க ஒண்டும் பறையல்லயே," என்றார். நான் சொன்னேன்: "எங்கட ஆக்கள் ஆத்துக்குள்ள ஒண்டும் போடுறதில்ல. எடுக்கிறதுதான்."

பன்னிரண்டு பேரும் தலையாட்டினார்கள். மிஸ் அதைப் படிவத்தின் ஓரத்தில் குறித்துக்கொண்டார். அந்தக் குறிப்பு இன்னும் அங்கே இருக்கும்.

பிறகு தலைவர் எழுந்தார். அவர் எழுந்தால் தீர்ப்பு என்று பொருள்.

"சனிக்கிழமை காலம பதினாலு தோணியும் போறது. பாலத்தில இருந்து வளைவு மட்டும் மிதக்கிறதையும் கரையோரக் கண்ணா மரத்து வேர்ல மாட்டிக் கிடக்கிறதையும் பொறுக்கிக்கொண்டு வந்து இஞ்ச கொட்டுறது. ஆர்ட குப்ப கூட இருக்கோ, அவர்ட பேர மிஸ் எழுதட்டும். எழுதினா மட்டும் காணா. அந்த ஆள் ஒரு வருசத்துக்கு இந்தத் துறையில கால் வைக்கப்படாது. கீழ்த்துறைக்குப் போகணும்."

எல்லோரும் சரி என்றார்கள். நானும் சரி என்றேன்.

கீழ்த்துறையைத் தெரியாதவர்களுக்குச் சொல்லவேண்டும். எங்கள் துறையில் அடியில் மணல். தோணியிலிருந்து இறங்கினால் கணுக்காலளவு தண்ணீர், நான்கு எட்டில் கரை. கீழ்த்துறை முழுவதும் சேறு. தோணி கரைக்கு வராது. தூரத்தில் கட்டிவிட்டுச் சேற்றில் நடந்து வரவேண்டும். ஒரு முறை ஒரு எருமை இறங்கியது. அதைக் கயிறு கட்டி இழுத்தோம்.

போடியார் கீழ்த்துறைக்குப் போக நேர்ந்தால் மூட்டை சுமக்கக் கூலிக்காரரை அனுப்புவார். காக்காவுக்குப் பாலத்தால் சுற்றிப்போகும் தரைப்பாதை இருக்கிறது. மனைவியின் தம்பி மேசைகளை ரோட்டுப் பக்கம் திருப்பிப் போடுவான். தோணிக்காரர்களில் மற்றவர்களுக்குக் கால் நன்றாக இருக்கிறது. எனக்கு வலது முழங்கால் தேய்ந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் படம் எடுத்துக் காட்டினார்கள். சேற்றில் வைத்த காலை இழுத்தால் நோ மட்டும் மேலே வரும், கால் வராது. கீழ்த்துறை என்றால் என் தொழில் அநேகமாக முடிந்தது. அன்று அதைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. நான்தான் ஒன்றும் போடுவதில்லையே.

எண்ணுவதற்கு ஆள் வேண்டும் என்றார் மிஸ். போடியார் என்னைக் காட்டினார்.

"அவர் எண்ணட்டும். பேசாத மனிசன். பேசாத ஆளுக்குப் பக்கம் இருக்காது."

பேசாத ஆளுக்கும் பக்கம் இருக்கும். வெளியே தெரியாது, அவ்வளவுதான். ஆனால் நான் அதையும் சொல்லவில்லை.

சனிக்கிழமை காலை பதினான்கு தோணியும் போயின. பத்து மணிக்குள் திரும்பிவிட்டோம். அன்றைக்கு ஆறு எங்களுக்கு மீனைவிடக் கூடத் தந்தது. துறையில் கொட்டியபோது தலைவர் வாயை மூடிக்கொண்டார். அவர் வாயை மூடி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

முதல் சிக்கல் சொப்பிங் பை. ஒரு பை கிழிந்தால் நான்காகும். நான்கையும் எண்ணுவதா, ஒன்றாக எண்ணுவதா என்று ஒரு சண்டை. மனைவியின் தம்பி ஒன்றாக எண்ணவேண்டும் என்றான். பையும் சாப்பாடு சுற்றும் பொலித்தீன் சீற்றும் அவன் கடையுடையவை, அதுதான் காரணம். கடைசியில் போத்தல் மட்டும் எண்ணுவது என்று முடிவு. போத்தல் கிழியாது. அவன் முகம் வெளித்துவிட்டது.

போத்தல்களை ஆள் வாரியாகப் பிரித்தோம். மண்டையோடு படம் போட்ட மருந்துப் போத்தலெல்லாம் போடியாருக்கு. மேலே வேறு வட்டை இல்லை, அவரும் மறுக்கவில்லை. மூடியில் நீல மை அடித்த தண்ணீர்ப் போத்தல் மனைவியின் தம்பிக்கு. வாடிக்கைக்காரர்கள் கொண்டுபோய்விடக் கூடாது என்று அவனே அடித்த மை. கொண்டுதான் போயிருக்கிறார்கள். சிவப்புச் சோடாப் போத்தல் காக்காவுக்கு. அந்தச் சோடாவை இந்தப் பக்கம் அவர் மட்டும்தான் இறக்குவார். ஒரு அடையாளமும் இல்லாதது ஆளில்லாத குவியலுக்கு.

காக்கா ஓட்டோவை விட்டு இறங்கினார். அன்றுதான் அவர் நிற்பதைப் பார்த்தோம். அவ்வளவு உயரம் என்று நினைக்கவில்லை.

"மிஸ், இது நியாயமில்ல. நான் வித்த போத்தல் எல்லாம் என்ட தலையிலயா? கடைசியா ஆர்ட கையில இருந்திச்சோ அவன்தான் பொறுப்பு. அப்படித்தான் இரிக்கணும்."

மிஸ் யோசித்தார். "கடைசியா யார் கையில இருந்தது எண்டு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

"அடையாளம் இருந்தா கண்டுபிடிக்கலாம். இல்லாட்டி என்ட பேர்ல போடுங்க, நான் ஒண்டும் சொல்ல மாட்டன்."

"எண்ணுற ஐயா என்ன சொல்றீங்க?" என்று மிஸ் என்னைக் கேட்டார்.

நியாயமான பேச்சாகத்தான் பட்டது. தலையாட்டினேன். கடைசிக் கைதான் பொறுப்பு என்று சட்டமாயிற்று. நான் தலையாட்டிய சட்டம்.

அடுத்த சாக்கை அவிழ்த்துக் கொட்டினார்கள். சிவப்புச் சோடாப் போத்தல்கள். கழுத்தில் மஞ்சள் துணி கட்டியிருந்தது. துணியில் சிறிய பூ.

துறையில் ஒருவரும் பேசவில்லை.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் இருக்கிறது. வலை கிடக்கும் இடம் தெரிய வெறும் போத்தலை மிதப்பாகக் கட்டுவோம். வலையில் பெயர் எழுத முடியாது. அதனால் மிதப்பில் ஒரு துணி கட்டுவோம். வீட்டில் எந்தத் துணி கிழிகிறதோ அதுதான் எங்கள் அடையாளம். ஒருவருக்கு மகளின் பழைய பள்ளிக்கூடக் கழுத்து ரை. ஒருவருக்கு யன்னல் சீலை. தலைவருக்கு அவருடைய கலியாண வேட்டியின் கரை. ஆற்றில் போனால் யார் வீட்டில் என்ன கிழிந்தது என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் கரையில் அதைப் பற்றி யாரும் ஒரு சொல் சொல்வதில்லை. அது ஒரு மரியாதை.

அதனால்தான் யாரும் பேசவில்லை. எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

மிஸ்ஸுக்கு மட்டும் தெரியாது. அவர் ஒரு போத்தலைத் தூக்கிப் பார்த்தார். "இது நல்ல அடையாளம். யார்ட துணி இது?"

பன்னிரண்டு பேரும் ஆற்றைப் பார்த்தார்கள். தலைவர் வானத்தைப் பார்த்தார். மனைவியின் தம்பி தன் கடைக்குள் ஏதோ அடுப்பு எரிவதுபோல் போகப் பார்த்தான்.

"என்ட நைட்டி," என்றாள் என் மனைவி.

மிஸ் போத்தலைக் கீழே வைத்தார். மெதுவாக வைத்தார்.

"போன தைப்பொங்கலுக்கு முதல் கிழிஞ்சது," என்றாள் அவள். "வீடு துடைக்க வச்சிருந்தன். காணல்ல. காத்துக்குப் போயிருக்கும் எண்டு நினைச்சன்." பிறகு என்னைப் பார்த்தாள். "ஆத்துக்குப் போயிருக்கு."

"அக்கா, நல்ல நைட்டிதான்," என்றான் அவள் தம்பி.

"நீ பறையாத."

போடியார் தொண்டையைச் செருமினார். அவர் பெரிய மனிதர். ஒரு பெண்ணின் உடுப்புக்கு முன்னால் இருப்பது அவருக்குச் சங்கடம். கதிரையை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டார். பிறகு முழு நேரமும் ரோட்டைப் பார்த்தபடிதான் பேசினார்.

எங்கள் ஆட்கள் எல்லோரும் மிதப்புக் கட்டுகிறார்கள். எல்லோருக்கும் ஒன்றிரண்டு போகும். எனக்கு மட்டும் சாக்குக் கணக்கில் ஏன் போனது என்று மிஸ் கேட்டார். சொல்லவேண்டியதாகிவிட்டது.

ஆறு வருடத்துக்கு முன் ஒரு மெஷின் தோணி என் மிதப்பை மாட்டி இழுத்துக்கொண்டு போனது. மிதப்போடு முழு வலையும் போனது. அன்றிலிருந்து நான் மிதப்பை அறாத நைலோன் தங்கூசியால் கட்டுவதில்லை. தையல் நூலால் கட்டுவேன். மனைவியின் பெட்டியிலிருந்து எடுப்பேன். யாராவது மாட்டி இழுத்தால் நூல் அறும், போத்தல் போகும், வலை நிற்கும். வலை விலை. போத்தல் சும்மா. காற்றுக் கூடினாலும் அறும். ஆற்றுவாழைச் செடி மிதந்து வந்து முட்டினாலும் அறும். அறுந்தால் வேறொன்று கட்டுவேன். ஆறு வருடமாக ஒரு வலையும் போகவில்லை. அது என் கெட்டித்தனம் என்று இருந்தேன். போன போத்தல் எங்கேயாவது போகும் என்று நினைத்தேன். எங்கே என்று நினைக்கவில்லை.

"நூலும் என்ட நூலா?" என்றாள் மனைவி.

"ஓம்," என்றேன்.

எண்ணத் தொடங்கினோம். சங்கக் கட்டடத்தின் சுவரில் கரியால் கோடு போட்டேன். நான்கு கோடு, மேலே குறுக்காக ஒன்று. ஐந்தைந்தாக. மனைவி எடுத்துத் தந்தாள். பன்னிரண்டு பேரும் சுற்றி நின்றார்கள். ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. எல்லோரும் என் முழங்காலைத்தான் பார்த்தார்கள்.

காக்காவின் குவியல் முதலில். கடைசிக் கைச் சட்டத்துக்குப் பிறகு அவருக்கு மிஞ்சியது முப்பத்தொன்று. மனைவியின் தம்பிக்கு இருபத்தேழு. மற்றத் தோணிக்காரர்கள் பன்னிரண்டு பேருக்கும் சேர்த்து இருபது. தலைவரின் கலியாண வேட்டிக் கரையில் மூன்று வந்தது. கலியாணம் என்றால் அப்படித்தான் என்று ஒருவர் சொன்னார்.

பிறகு நைட்டி. கோடு போடப் போட என் கை மெதுவாகிவிட்டது. முப்பத்தைந்து. முப்பத்தாறு. மனைவி சாக்கின் அடியில் கையை விட்டாள். இன்னும் இரண்டு.

முப்பத்தெட்டு.

கடைசியாகப் போடியாரின் மருந்துப் போத்தல். அதை எண்ணும்போது எனக்கு வியர்த்தது. முப்பது. முப்பத்தைந்து. முப்பத்தெட்டு வந்தது. இனி ஒன்று வந்தால் போதும். வந்தது. இன்னும் வந்தது.

நாற்பத்து நான்கு.

நான் கரியைக் கீழே வைத்தேன். பன்னிரண்டு பேரும் மூச்சு விட்டது கேட்டது. யாரோ என் முதுகில் தட்டினார்கள். தலைவர் போடியாரிடம் போனார். போடியார் ரோட்டைப் பார்த்தபடியே கையைத் தூக்கினார்.

"எழுதுங்க மிஸ், என்ட பேர எழுதுங்க. வட்டை என்டது, மருந்து என்டது. எனக்கு என்ன, கூலியாள் இருக்கு. கீழ்த்துறையால ஏத்துவாங்க. அவருக்கு முழங்கால் ஏலாது. அவர் இஞ்சயே கட்டட்டும்."

நல்ல மனிதர். இதையும் எழுதிவைக்கவேண்டும்.

மிஸ் பேனையை எடுத்தார்.

ஆளில்லாத குவியல் எனக்குப் பக்கத்தில் கிடந்தது. அதுதான் எல்லாவற்றிலும் பெரியது. எங்கள் எல்லோருடைய குவியலையும் ஒன்றாகப் போட்டாலும் அதன் அரைவாசி வராது. அதை யாரும் எண்ணவில்லை. ஆள் இல்லாததற்குத் தண்டனை கொடுக்க முடியாது என்று தலைவர் சொல்லியிருந்தார். அதன் ஓரத்தில் சில போத்தல்களில் நீலக் கட்டம் போட்ட துணி கட்டியிருந்தது. வெளிறிப்போன துணி. பிரிக்கும்போதே ஒருவர் அதைத் தூக்கிக் காட்டினார். "நீலக் கட்டச் சாரம் எல்லார் வீட்டிலயும்தான் கிடக்கு, அத அங்கால போடு," என்று தலைவர் சொன்னார். அங்கால போட்டார்கள்.

இடுப்பில் உடுக்கும் நீலக் கட்டச் சாரம் எல்லோர் வீட்டிலும் இருக்கிறதுதான். ஆனால் அந்தத் துணியின் ஓரத்தில் சிவப்பு நூலால் தையல் ஓடியிருந்தது. நூல் பிரியாமல் இருக்க மனைவி ஓரம் அடித்துத் தந்தது. அந்த வருடம் வெள்ளை நூல் முடிந்திருந்தது. நைட்டிக்கு முன்னால் என் சாரம்தான் என் அடையாளம். அதை அவளிடம் கேட்டு வாங்கியிருந்தேன். அப்போது கேட்டு வாங்கும் பழக்கம் இருந்தது.

மனைவியைப் பார்த்தேன். அவள் அந்தப் போத்தல்களைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். பிறகு என் முழங்காலைப் பார்த்தாள். அன்று அவள் பேசாமல் இருந்தது அந்த ஒரு இடத்தில்தான்.

நான் பேசாமல் இருந்திருக்கலாம். பேசாமல் இருப்பது எனக்குப் பழகிய வேலை. ஆனால் எண்ணச் சொல்லி என்னிடம் கொடுத்திருந்தார்கள். சுவரில் இருந்தது என் கோடு. எண்ணிக்கை பிழையாக என் கோடு நிற்பது எனக்கு ஒத்துவரவில்லை. அதைவிடப் பெரிய காரணம் எதுவும் இல்லை.

நீலக் கட்டங்களை ஒவ்வொன்றாக எடுத்தேன். தலைவர் திரும்பிப் பார்த்தார்.

"அண்ணே, அது ஆளில்லாதது."

"ஆள் இருக்கு," என்றேன்.

கரியை எடுத்தேன். ஐந்து. பத்து. பதினொன்று.

மிஸ்ஸின் பேனை கோட்டுக்கு மேலே நின்றது. "கூட்டினா எவ்வளவு வருது ஐயா?"

"நாப்பத்தொன்பது."

காக்கா ஓட்டோவை விட்டு இரண்டாவது தடவையாக இறங்கினார்.

"மிஸ், ஒரு நிமிசம். அதெல்லாம் என்ட சிவப்புச் சோடாப் போத்தல்தானே. என்ட பேர்ல போடுங்க. எனக்குப் பாலத்தால பாதை இரிக்கி."

"கடைசிக் கைதான் பொறுப்பு எண்டு சொன்னது நீங்கதானே காக்கா," என்றார் மிஸ்.

"அது நாப்பத்தொன்பது வரமுந்திச் சொன்னது."

"நான் நாப்பத்து நாலு," என்றார் போடியார், ரோட்டைப் பார்த்து. "நாலஞ்சு போத்தல்தானே வித்தியாசம். வீட்ட இன்னும் நிறையக் கிடக்கு. இப்பவே ஆள அனுப்பி எடுத்துப் போட்டா நான் முந்திருவன்."

"இனி ஆத்துக்குள்ள போடப்படாது போடியார்," என்றார் மிஸ். அந்த ஒரு தடவைதான் அவர் குரல் உயர்ந்தது.

"என்ட கடைக்குப் பின்னாலயும் கொஞ்சம் கிடக்கு," என்றான் மனைவியின் தம்பி.

"தெரியும் எண்டு நான் அண்டைக்கே சொன்னன்," என்றாள் அவன் அக்கா.

காலையில் எல்லோரும் தங்களுடையதில்லை என்று சண்டை பிடித்தார்கள். மத்தியானம் எல்லோரும் தங்களுடையது என்று சண்டை பிடித்தார்கள். தலைவர் நடுவில் நின்று தலையைச் சொறிந்தார். சட்டம் அவருடையது. மாற்றினால் சங்கத்தில் அவர் சொல் நிற்காது. என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

மிஸ் எழுதினார். என்ன எழுதினார் என்று எட்டிப் பார்த்தேன். எழுத்து எனக்கு மெதுவாகத்தான் ஓடும், ஆனாலும் வாசித்துவிட்டேன். பிரதான பொறுப்பாளி என்ற கோட்டில், தோணிக்காரர் ஒருவர் என்று இருந்தது. பெயர் போடவில்லை. அதற்குப் பக்கத்தில் கழிவின் வகை என்று ஒரு சிறிய கட்டம். அதில் போத்தல் என்று எழுதி, பிறகு கொஞ்சம் யோசித்து, துணி என்றும் எழுதியிருந்தார். நைட்டி என்று எழுதவில்லை. மனைவி அதற்காக அவருக்கு ஒரு கூடை நண்டு கொடுத்தாள்.

போத்தல்களை ஏற்றுவதற்கு யாருடைய உழவு மெஷின் வருவது என்று மாலை வரை பேசினார்கள். போடியார் தன் நாற்பத்து நான்கையும் ஏற்றிக்கொண்டு போனார். காக்கா தன் முப்பத்தொன்றை ஓட்டோவில் போட்டார். நான் என் நாற்பத்தொன்பதைச் சாக்கில் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மற்றவர்களும் எடுத்தார்கள். ஆளில்லாத குவியல் மட்டும் அங்கேயே கிடந்தது. அதை ஏற்றுவது யார் வேலையும் இல்லை. ஒரு கிழமை கழித்து மாரி மழை வந்தது. ஆறு ஏறி வந்து அதைக் கூட்டிக்கொண்டு போயிற்று. காற்று அந்தப் பக்கம் அடித்தது. எல்லாம் கீழ்த்துறையில் போய் ஒதுங்கியது.

மனைவி நைட்டித் துண்டுகளைக் கழுவிக் காயப்போட்டாள். இப்போது அதால்தான் வீடு துடைக்கிறாள். தையல் பெட்டிக்குப் பூட்டுப் போட்டிருக்கிறாள். திறப்பு அவளிடம்.

மிதப்புகளைத் தங்கூசியால் கட்டினேன். இரண்டு முடிச்சு. பிறகு தோணியைக் கீழ்த்துறைக்குக் கொண்டுபோனேன். முதல் நாள் மனைவி கரையில் நின்றாள். தம்பியின் கடையிலிருந்து ஒரு கதிரையைக் கொண்டுவந்து, இடையில் களைத்தால் இருங்கள் என்று சேற்றில் நட்டுவைத்தாள். அது அரை அடி இறங்கிவிட்டது. இப்போதும் அங்கேதான் இருக்கிறது. அவளுடைய தம்பி கேட்டான். வந்து எடுத்துக்கொண்டு போ என்றாள்.

கரையிலிருந்து தோணி வரை எத்தனை எட்டு என்று எண்ணினேன். போகும்போது நூற்று எழுபத்தாறு. திரும்பும்போது முழங்கால் வீங்கி எட்டுச் சிறிதாகிவிட்டது.

இருநூற்றுப் பதினொன்று.